காலையில் முதல் லோடுக்கு மட்டும் எடை ஏன் கோணலாகிறது?

கேள்வி: சேரன்மகாதேவி பக்கம் வேபிரிட்ஜ் நடத்துகிறேன். எடை காட்டும் பெட்டியான இண்டிகேட்டரில் எடை சரியாக இருக்கிறது. ஆனால் லினக்ஸ் கம்ப்யூட்டரில், காலையில் போட்டதும் முதல் லோடுக்கு வாயில் நுழையாத எண் வருகிறது. இரண்டாவது லோடிலிருந்து ஒழுங்கு. ராம் போய்விட்டது, போர்டையே மாற்றணும் என்கிறார்கள். பிசான அறுப்பு நேரம், என்ன செய்ய?

பதில்: அண்ணாச்சி, முதலில் பர்ஸை மூடுங்கள். ராம் கெட்டால் அது முதல் லோடா, இரண்டாவது லோடா என்று பார்த்துக் கெடுக்காது. சந்தேகமிருந்தால் ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ நிரலைப் பென்டிரைவில் ஏற்றி ஒரு ராத்திரி ஓடவிடுங்கள். விடியும்போது பிழை ஒன்றும் இல்லையென்றால், போர்டு விற்க வருகிறவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடலாம். இந்தக் கமிஷன் ஆட்களுக்கு எந்தக் கோளாறுக்கும் ஒரே மருந்து, புதுப் பில்.

நீங்கள் சொல்லும் அறிகுறி டிரைவரைத்தான் காட்டுகிறது. இண்டிகேட்டர் அனுப்புவதை வாங்கிக் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கும் நிரல் அது. அது லினக்ஸின் மைய நிரலான கெர்னலிடம் கே-மாலாக் என்று கேட்டு மெமரியில் இடம் வாங்கினால், கல்யாணத்துக்குக் கழுவாமல் வந்த வாடகை அண்டா மாதிரிதான். யார் வீட்டுச் சாம்பாரோ அடியில் ஒட்டியிருக்கும். கே-இசட்-அலாக் என்று கேட்டால் கழுவித் தரும். வெறும் வண்டி எடைக்கு ஒதுக்கிய இடத்தில் முதல் வண்டி போகும்வரை யாரும் எதுவும் எழுதியிருக்க மாட்டார்கள். அந்தச் சாம்பாரைத்தான் லோடு எடையிலிருந்து உங்கள் திரை கழித்துக் காட்டுகிறது.

இதை உறுதிசெய்ய ஒரு வழி உண்டு. கம்ப்யூட்டர் கிளம்பும்போது வரும் கிரப் மெனுவில் ‘இ’ (e) தட்டி, ‘லினக்ஸ்’ (linux) என்று தொடங்கும் வரியின் கடைசியில் ஸ்லப்_டீபக்=பி (slub_debug=P) என்று சேர்த்து எஃப்10 அழுத்துங்கள். அந்த ஒரு தடவைக்குத்தான் அது செல்லும். கெர்னல் காலி இடங்களில் தெரிந்தே ஒரு சாயத்தைப் பூசிவைக்கும். 4 பைட் முழு எண்ணாக இருந்தால் அந்தச் சாயம் 1802201963. திரையில் அதுவோ, அதைக் கழித்த பெரிய மைனஸ் எண்ணோ வந்தால் திருடன் அகப்பட்டான்.

அதே வரியில் அதற்குப் பதிலாக இனிட்_ஆன்_அலாக்=1 (init_on_alloc=1) என்று போட்டால் கெர்னலே எல்லா அண்டாவையும் கழுவும். 2019-இல் வந்த 5.3 பதிப்புக்கு முந்தைய கெர்னல்கள் இதைச் சத்தமில்லாமல் ஒதுக்கிவிடும். போர்டுக்காரர்கள் இன்னும் 4 வரிசைக் கெர்னலையே தலையில் கட்டுகிறார்கள். கேட்டால் ‘ஓடுதுல்லா’ என்பார்கள். இரண்டு ஆப்ஷனையும் சேர்த்துப் போடாதீர்கள்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கழுவிய இடத்தில் இருப்பது பூஜ்யம். வெறும் வண்டி எடை பூஜ்யம் என்று வைத்துக்கொண்டால் லாரியின் இரும்பும் நெல்லாகிவிடும்! முன்பு வந்த பைத்தியக்கார எண்ணையாவது பார்த்ததும் பிடித்துவிட்டீர்கள். இந்த எண் நம்பும்படி இருப்பதால் சீட்டில் ஏறி, மில்காரர் கைக்கும் போய்விடும். அதனால் இன்னும் எடை எடுக்கவில்லை என்பதற்கு டிரைவரில் தனி அடையாளம் ஒன்று இருக்கவேண்டும். அந்த அடையாளம் இருக்கும்வரை கம்ப்யூட்டர் எடையைக் காட்டக் கூடாது, சீட்டும் அடிக்கக் கூடாது. டிரைவரை எழுதியவரிடம் இதை வற்புறுத்திச் சொல்லுங்கள். ‘எல்லாத்தையும் ஜீரோ ஆக்கிட்டேன்’ என்று போனை வைக்க விடாதீர்கள்.

மூலநிரல் தரமாட்டேன் என்றால் விடாதீர்கள். லினக்ஸ் கெர்னல் ஜிபிஎல் என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்தின் 2-ஆம் பதிப்பில் வருவது. அதைத் திருத்தி விற்றவர், கேட்டால் கொடுத்தாக வேண்டும். பழைய பில்லைத் தேடி எடுத்து வையுங்கள்.

சரியாகும்வரை முதல் லோடுக்கு இண்டிகேட்டரைப் பார்த்துக் கையால் சீட்டு எழுதுங்கள். தினமும் இரண்டு தடவை ரீஸ்டார்ட் பண்ணச் சொன்னவர் பேச்சைக் கேட்காதீர்கள். ரீஸ்டார்ட் அண்டாவைக் கழுவாது, வேறு வீட்டுச் சாம்பார் வரும், அவ்வளவுதான்.