நீர்ப்பறவை ஆய்வைத் தொழிலாகக் கொள்ள முடியுமா?

கேள்வி: காசல்ரீ நீர்த்தேக்கத்தை ஒட்டிய தோட்டமொன்றில் இருக்கிறேன். உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கிறேன். நீர்ப்பறவைகளை ஆராயும் வேலைக்குப் போக வேண்டும் என்பது ஆசை. வீட்டில் ஆசிரியர் வேலைக்குப் போகச் சொல்கிறார்கள். இதை நம்பிப் பிழைக்க முடியுமா? என்ன படிக்க வேண்டும்? பொம்பளைப் பிள்ளை காடு, குளம் என்று திரியலாமா என்று அம்மா கேட்கிறார்.

பதில்: பிழைக்க முடியும், தங்கச்சி. ஆனால் மாதச் சம்பளம் நிலையாக வருவதற்குப் பட்டம் முடிந்த பிறகும் சில வருடங்கள் பிடிக்கும். ஆரம்ப வேலைகள் பெரும்பாலும் ஒப்பந்த வேலைகள்தான். ஒரு ஆய்வுத் திட்டத்தில் கள உதவியாளராக ஆறு மாதம், பல்கலைக்கழகத்தில் தற்காலிக விளக்குநராக ஒரு வருடம் என்று போகும். வீட்டின் நிலைமையை வைத்து இதை முதலிலேயே யோசித்துவிடுங்கள்.

படிப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். விலங்கியலில் நான்கு வருடச் சிறப்புப் பட்டம் கிடைத்தால் அதை எடுங்கள். இறுதி வருட ஆய்வுதான் உங்கள் முதல் சான்று. பேராதனை, கொழும்பு, யாழ்ப்பாணம் மூன்றிலும் விலங்கியல் துறை இருக்கிறது. நுவரெலியா மாவட்டம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் இருப்பதால், பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் உங்கள் இசட் புள்ளியைக் கொழும்பு மாவட்டத்து வெட்டுப்புள்ளியோடு ஒப்பிட்டு மனம் தளர வேண்டாம். புள்ளி குறைந்தால் பதுளையில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் நீர்வாழ் வளத் தொழில்நுட்பம் இருக்கிறது. அதுவும் இல்லையென்றால் திறந்த பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டம், அதற்குக் கண்டியில் பிராந்திய நிலையம் உண்டு. பணத்துக்கு மஹாபொல புலமைப்பரிசில் தவிர, தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கென்றே இந்திய உயர்ஸ்தானிகராலயம் வழியாக ஒரு கல்வி அறக்கட்டளை புலமைப்பரிசில் கொடுக்கிறது. அறிவித்தல் வரும்போது தவற விடாதீர்கள்.

ஆனால் பட்டம் மட்டும் உங்களைத் தனித்துக் காட்டாது. ஒவ்வொரு வருடமும் விலங்கியல் பட்டதாரிகள் வெளியே வருகிறார்கள். அவர்களில் ஒரே நீர்நிலையை மூன்று வருடம் விடாமல் எண்ணிய பதிவோடு வருபவர் அபூர்வம். நீங்கள் அந்த ஆளாக வேண்டும். அதற்குப் பெறுபேறு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

முதலில் உங்கள் நீர்த்தேக்கத்தைப் புரிந்துகொள்ளுங்கள். மலைநாட்டில் வாத்துகள் ஏன் குறைவு? ஊசிவால் வாத்தும் நீலச்சிறகி வாத்தும் மூழ்கி இரை தேடுவதில்லை. தலையைத் தண்ணீருக்குள் விட்டு வாலைத் தூக்கி, எட்டும் ஆழத்தில் மட்டும் மேயும். காசல்ரீ, மவுசாக்கலை போன்றவை பள்ளத்தாக்கை மறித்துக் கட்டிய மின்சார நீர்த்தேக்கங்கள். கரை செங்குத்து, தண்ணீர் ஆழம், மட்டமும் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். ஓரத்தில் நீர்த்தாவரம் நிலைக்காது. அதனால் முழுகி மீன் பிடிக்கும் சிறிய நீர்க்காகமும் முக்குளிப்பானும் இங்கே பிழைக்கும், மேயும் வாத்துக்குச் சாப்பாடு இல்லை. மட்டம் இறங்கிச் சேறு தெரியும் மாதங்களில் பாருங்கள், உள்ளான்களும் கொக்குகளும் வந்து இறங்கும். நுவரெலியா கிரகரி ஏரியில் ஓடைகள் வண்டல் கொண்டுவந்து சேர்க்கும் ஆழமில்லாத ஓரங்கள் இருப்பதால் அங்கே கூட்டம் வேறு மாதிரி இருக்கும். இரண்டையும் ஒப்பிட்டாலே ஒரு நல்ல ஆய்வுக் கேள்வி பிறக்கும்.

சரி, எப்படி எண்ணுவது? நீர்த்தேக்கத்தைச் சுற்றி நான்கைந்து இடங்களைத் தெரிவு செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் அதே இடம், அதே வரிசை, ஏறக்குறைய அதே நேரம். காலையில் கிழக்குக் கரையில் நின்று மேற்கே பாருங்கள், வெயில் முதுகில் இருக்கும். எதிர் வெயிலில் எல்லாப் பறவையும் கறுப்புத்தான். கூட்டம் பெரிதென்றால் முதலில் பத்துப் பறவையை ஒன்றொன்றாக எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணில் பதித்துக்கொண்டு, அதே அளவைக் கூட்டம் முழுவதிலும் வைத்துப் பாருங்கள். கிட்டே போகுமுன் எண்ணிவிட வேண்டும். கிளம்பிப் பறந்துவிட்டால் அதே பறவையை அடுத்த இடத்தில் மறுபடி எண்ணுவீர்கள்.

மலையகத்தில் இன்னொரு சிக்கல் உண்டு, மூடுபனி. ஒரு பறவையும் இல்லாத காலையில் பூச்சியம் என்று எழுத வேண்டும், அதுவும் தரவுதான். பனியில் அக்கரை தெரியாவிட்டால் பூச்சியம் எழுதக்கூடாது, 'பார்க்க முடியவில்லை' என்று எழுத வேண்டும். இந்த இரண்டையும் கலந்துவிட்ட பதிவை எந்த ஆய்வாளரும் பயன்படுத்த முடியாது. அதேபோல நீர் மட்டத்துக்கு ஒரு பத்தி ஒதுக்குங்கள். கரையில் அசையாத பாறை ஒன்றை அடையாளம் வைத்து, தண்ணீர் அதற்கு எவ்வளவு கீழே நிற்கிறது என்று ஒவ்வொரு முறையும் குறியுங்கள். மேலே சொன்ன காரணத்தால், பறவை எண்ணிக்கை ஏன் ஏறி இறங்குகிறது என்பதற்குப் பாதி விளக்கம் அந்தப் பத்தியிலேயே இருக்கும். தொடங்கிய நேரம், முடித்த நேரம், காற்று, மழை, வள்ளங்களின் நடமாட்டம் இவற்றையும் விடாதீர்கள்.

தொலைநோக்கி வாங்குவதானால் எட்டு மடங்கு பெருக்கும், முன்வில்லை 42 மில்லிமீற்றர் அகலமான 8×42 போதும். பத்து மடங்குக்கு மேலே போனால் கை நடுக்கமும் சேர்ந்து பெருகும். பெருக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் மலிவுத் தொலைநோக்கிகளில் காசைப் போட வேண்டாம். அதுவரை பறவைகளின் உருவம், பறக்கும் விதம், குரல் இவற்றை வெறும் கண்ணாலேயே பழகலாம். பதிவுகளைக் கைபேசியில் இ-பேர்ட் செயலியிலும் ஏற்றுங்கள், ஆனால் கொப்பியைக் கைவிடாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை: பறவைகளை வலை போட்டுப் பிடிப்பதோ காலில் அடையாள வளையம் மாட்டுவதோ வேண்டாம். வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் செய்தால் குற்றம், பழகாத கையில் பறவையும் செத்துப்போகும். அதை அனுபவசாலிகளிடம் நேரில்தான் கற்க வேண்டும். பறவை போகும் வழியை அறியச் செய்மதிக் கருவி பொருத்துவதும் அப்படியே. கருவியின் எடை பறவையின் எடையில் நூற்றுக்கு மூன்றைத் தாண்டக்கூடாது என்பது பரவலான விதி. நானூறு கிராமுக்கும் குறைவாக நிற்கும் ஒரு நீலச்சிறகிக்கு அது பன்னிரண்டு கிராம்கூட வராது.

ஆறு மாதப் பதிவு சேர்ந்ததும் அதை வைத்துக்கொண்டு ஆட்களை அணுகுங்கள். கொழும்புப் பல்கலைக்கழக விலங்கியல் துறையில் இயங்கும் இலங்கைக் களப் பறவையியல் குழு 1976 முதல் இந்த வேலையைச் செய்து வருகிறது. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987இல் தொடங்கியது. ஒவ்வொரு ஜனவரியும் நடக்கும் அதை இங்கே இலங்கைப் பறவைகள் கழகம் ஒருங்கிணைக்கிறது. வெறுங்கையோடு 'எனக்கு ஆர்வம் உண்டு' என்று எழுதும் கடிதத்துக்கும், ஆறு மாத அட்டவணையோடு போகும் கடிதத்துக்கும் கிடைக்கும் பதில் ஒன்றாக இருக்காது.

பெரும் வாத்துக் கூட்டங்களைப் பார்க்க வடக்கே இறங்க வேண்டும். வலசைப் பறவைகள் வந்துபோகும் மத்திய ஆசியப் பறவை வழித்தடத்தின் தெற்கு முனையில் இருக்கிறோம். ஆயிரக்கணக்கில் ஊசிவால் வாத்து, நாமத்தலை வாத்து, பூநாரை எல்லாம் மன்னார், வங்காலை, யாழ்ப்பாணக் களப்புகளில் இறங்கும். வங்காலை 2010 முதல் ராம்சார் ஈரநிலம், அதாவது சர்வதேச முக்கியத்துவம் உள்ளதென்று ராம்சார் உடன்படிக்கையின் பட்டியலில் சேர்ந்த ஈரநிலம். கொழும்புப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சம்பத் செனவிரத்னவின் குழு மன்னாரில் கடற்காகங்களுக்கு ஜிபிஎஸ் கருவி பொருத்தி, அவை ரஷ்யாவின் வடதுருவப் பகுதி வரை போவதைக் கண்டது. இந்தக் களப்புகளைச் சுற்றி வாழ்பவர்களில் பெரும்பாலோர் தமிழ் பேசுபவர்கள், பலர் மீனவர்கள். எந்தப் பருவத்தில் எந்த இடத்தில் தாரா இறங்கும், யார் கண்ணி வைக்கிறார்கள், தண்ணீர் எப்போது வற்றும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். அவர்களோடு மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் உட்கார்ந்து பேசக்கூடிய உயிரியலாளர் இந்தத் துறைக்கு மிகவும் தேவை. உங்கள் தமிழை ஒரு தகுதியாக விண்ணப்பத்தில் எழுதுங்கள். கூடவே சிங்களத்தை நன்றாகப் பேசப் பழகுங்கள். திணைக்களத்திலும் கள ஆய்வு முகாமிலும் அது இல்லாமல் காலம் தள்ளுவது சிரமம். பாடமும் ஆய்வறிக்கையும் ஆங்கிலத்தில்தான்.

வேலை எங்கே என்றால், வனஜீவராசிகள் திணைக்களம், வன இலாகா, மத்திய சுற்றாடல் அதிகாரசபை, பல்கலைக்கழகங்கள், சுற்றாடல் தாக்க மதிப்பீடு செய்யும் நிறுவனங்கள். மன்னார் போல பறவை வழியில் காற்றாலை வரும் இடங்களில் கண்காணிப்பு வேலை உண்டு. சுற்றாடல் சான்றிதழ் பெறும் தேயிலைத் தோட்டங்களும் தங்கள் நிலத்தில் என்ன உயிர்கள் இருக்கின்றன என்று காட்ட வேண்டியிருக்கிறது. இதில் நன்றாக எண்ணத் தெரிந்தவரைவிட, எண்ணியதை ஆராயத் தெரிந்தவருக்கே சம்பளம் அதிகம். புள்ளிவிபரத்துக்கு 'ஆர்', வரைபடத்துக்கு 'கியூஜிஐஎஸ்' இரண்டும் இலவச மென்பொருள்கள், முதல் வருடத்திலேயே தொடங்குங்கள். சொந்த ஆய்வுக்குப் பிரித்தானியாவின் ரஃபர்ட் அறக்கட்டளை போன்றவை சிறு நிதி கொடுக்கின்றன.

ஆசிரியத் தொழிலைப் பற்றி: வீட்டார் சொல்வதைத் தட்டிவிட வேண்டாம். தோட்டப் பாடசாலைகளுக்கு விஞ்ஞான ஆசிரியர்கள் எவ்வளவு தேவை என்று உங்களுக்கே தெரியும். அந்தச் சம்பளத்தில் இருந்துகொண்டு பிள்ளைகளோடு சேர்ந்து நீர்த்தேக்கத்தை எண்ணுவதும் உண்மையான ஆய்வுதான். ஒப்பந்த வருடங்களைத் தாங்கும் நிலையில் வீடு இல்லையென்றால், முதலில் அதில் சேர்ந்து பின்னர் முதுகலை செய்யச் சொல்வேன்.

அம்மாவிடம் இப்படிச் சொல்லுங்கள்: ஒழுங்கான களக்குழுவில் யாரும் தனியாகப் போவதில்லை, ஆணாக இருந்தாலும் சரி. இப்போதும் தம்பியையோ தோழியையோ கூட்டிக்கொண்டுதான் போக வேண்டும். எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். மட்டம் இறங்கிய கரையில் காய்ந்ததுபோல் தெரியும் சேற்றில் கால் வைக்காதீர்கள், உள்ளே இழுத்துவிடும். வள்ளத்தில் ஏறினால் உயிர்காப்பு அங்கி கட்டாயம். நீச்சல் தெரியாவிட்டால் பல்கலைக்கழகம் போனதும் பழகிக்கொள்ளுங்கள். முடிந்தால் முதல் எண்ணிக்கைக்கு அம்மாவையே ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிப்போய், நேரத்தையும் நீர் மட்டத்தையும் அவரைக் குறிக்கச் சொல்லுங்கள்.