குவேக் 3, அன்ரியல் டோர்னமென்ட் மாதிரியான பழைய அரீனா ஷூட்டர்களுக்கு, அதாவது ஒரே களத்துக்குள் ஒருவரையொருவர் சுட்டு மோதும் கணினி விளையாட்டுகளுக்கு, இன்னும் ஏன் இவ்வளவு ஏக்கம்?

சின்ன வயது ஞாபகம் என்று மட்டும் சொல்லிக் கடந்துவிட முடியாது. 1999 கடைசியில் அடுத்தடுத்து வந்த இந்த இரண்டிலும் எல்லோருக்கும் ஒரே தொடக்கம்தான். லெவல் ஏற்றுவது, துப்பாக்கியை அன்லாக் செய்வது எதுவும் கிடையாது. நல்ல ஆயுதம் வேண்டுமா, மேப்பிலேயே (ஆட்டக் களத்திலேயே) கிடக்கிறது, ஓடிப்போய் எடுக்க வேண்டியதுதான்.

உண்மையான ஆட்டம் கடிகாரத்தில் இருக்கிறது. குவேக் 3-ல் சிவப்பு ஆர்மரை (அடியைத் தாங்கும் கவசம்) ஒருவர் எடுத்தால் 25 விநாடியில் அது அதே இடத்தில் திரும்ப வரும். ஹெல்த்தை, அதாவது உயிர்பலத்தை, பெரிதாகக் கூட்டும் மெகா ஹெல்த்துக்கு 35 விநாடி. தேர்ந்த இருவர் மோதும் டூயலைக் கவனித்துப் பாருங்கள். சண்டைக்கு நடுவிலும் மனதுக்குள் எண்ணிக்கொண்டே இருப்பார்கள். 24-வது விநாடியில் சரியாக அங்கே வந்து நிற்பவர் பக்கம்தான் ஆட்டம் சாயும். குறி பார்ப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அடுத்தது நகர்வு. காலடியில் ராக்கெட்டைச் சுட்டு, கொஞ்சம் ஹெல்த்தை இழந்து, அந்த உந்துதலில் மேல்தளத்துக்குத் தாவுவது ராக்கெட் ஜம்ப். ஸ்ட்ரேஃப் ஜம்ப் இன்னும் நுட்பமானது: தாவும்போது விசைப்பலகையின் பக்கவாட்டு விசையையும் மவுஸையும் சரியான கோணத்தில் சேர்த்துத் திருப்பினால் வேகம் ஏறிக்கொண்டே போகும். கை பழக நாளாகும். பழகிய பிறகு மற்ற ஷூட்டர்களில் ஓடுவதுகூடச் சேற்றில் நடப்பது போலிருக்கும்.

குவேக் 3-ன் மூல நிரலை அதை உருவாக்கிய ஐடி சாஃப்ட்வேர் நிறுவனம் 2005-ல் வெளியிட்டுவிட்டது. அதன்மேல் எழுந்த ஓப்பன்அரீனா என்ற விளையாட்டு இலவசம்தான். இறக்கி, முதலில் பாட்களோடு (கணினியே இயக்கும் எதிரிகளோடு) ஆடிப் பாருங்கள்.