எழுத்தில் மட்டும் ஏன் 5.5?

ஹட்டன் தங்கச்சிக்கு,

ஐஈஎல்டிஎஸ் என்ற இங்கிலீஷ் தேர்வில் கேட்டலுக்கு 7.5, வாசிப்புக்கும் பேச்சுக்கும் 7, எழுத்துக்கு மட்டும் 5.5. மொத்தம் 7 இருக்கிறதே, இங்கிலாந்தில் நர்ஸாகப் பதிய இது போதாதா, இல்லையென்றால் கிராமரை முதலிலிருந்து படிக்கவா என்று கேட்டிருக்கிறீர்கள்.

போதாது. உங்கள் சராசரி 6.75, அதைத்தான் 7 ஆக்கிப் போட்டிருக்கிறார்கள். இங்கே நர்ஸுகளைப் பதிகிற என்எம்சி ஒவ்வொரு பகுதியையும் தனியாகப் பார்க்கும். எழுத்தில் 6.5, மற்ற மூன்றிலும் 7 வேண்டும்.

ஆனால் கிராமர் புத்தகத்தை இப்போது தூக்க வேண்டாம். பேச்சுக்கும் எழுத்துக்கும் நான்கு நான்கு அளவுகோல்கள். சொல்வளம், இலக்கணம், கோர்வை மூன்றும் இரண்டுக்கும் பொது. நான்காவது பேச்சில் உச்சரிப்பு, எழுத்தில் கேள்விக்கு முழுப் பதில் சொன்னீர்களா என்பது. பேச்சில் 7 எடுத்தவருக்குச் சொல்வளமும் இலக்கணமும் இந்த அளவுக்குக் காலை வாராது. கோர்வையிலும் பதிலிலும்தான் புள்ளி போயிருக்கும் என்பது என் கணிப்பு.

வார்டில் நீங்கள் தினமும் எழுதுகிற இங்கிலீஷை யோசித்துப் பாருங்கள். நோயாளியின் நிலையைக் குறிக்கிற பெட் ஹெட் டிக்கெட்டில் 'காய்ச்சல் குறைவு, சாப்பாடு பரவாயில்லை' என்று துண்டு துண்டாகத்தானே எழுதுகிறோம்? அந்தப் பழக்கம் கட்டுரைக்குள்ளும் வந்துவிடும். பேச்சுத் தேர்விலோ எதிரில் இருப்பவர் 'ஏன்?' என்று கேட்பார், நீங்களும் காரணத்தைச் சொல்லிவிடுவீர்கள். எழுதும்போது அப்படிக் கேட்க ஆளில்லை.

அதனால் பேச்சையே எழுத்துக்கு உதவிக்குக் கூப்பிடுங்கள். 'கிராமங்களில் சின்ன ஆஸ்பத்திரிகள் கட்டுவதா, டவுன் ஆஸ்பத்திரியைப் பெரிதாக்குவதா' என்று ஒரு கேள்வி வருகிறது என்று வையுங்கள். முதலில் ஃபோனில் இரண்டு நிமிடம் பேசிப் பதிவு செய்யுங்கள். தோட்டத்திலிருந்து பிரசவ வலியோடு ஒருத்தியை லொறியில் ஏற்றினால் டவுனுக்கு வந்து சேர எவ்வளவு நேரமாகும், ரோட்டில் மண் சரிந்திருந்தால் என்ன கதி என்று உங்கள் வாயில் தானாக வரும். அதைக் கேட்டு எழுதுங்கள். 'அதனால்', 'அப்படியிருந்தும்' எல்லாம் அதனதன் இடத்தில் வந்து நிற்கும். அப்புறம் எழுத்து நடைக்கு மாற்றுங்கள். பாடமாக்கிய கட்டுரை வேண்டாம், கேள்வி கொஞ்சம் திரும்பினாலும் மாட்டிக்கொள்வீர்கள்.

எழுத்தில் வரும் இரண்டு கேள்விகளில் இரண்டாவதான கட்டுரைக்குத்தான் இரட்டிப்பு மதிப்பு. ஒரு மணி நேரத்தில் 40 நிமிடத்தை அதற்கு வையுங்கள், 250 சொல்லுக்குக் குறையக் கூடாது.

அப்படியும் கட்டுரை ஒத்துவரவில்லையென்றால் மருத்துவத் துறையினருக்கான ஓஈடி என்ற இங்கிலீஷ் தேர்வைப் பாருங்கள், என்எம்சி அதையும் ஏற்கிறது. எழுத்தில் நோயாளியின் குறிப்புகளைத் தருவார்கள், அதை வைத்து ஒரு கடிதம் எழுத வேண்டும். அதில் எழுத்துக்கு சி பிளஸ், மற்ற மூன்றுக்கும் பி கிரேடு வேண்டும். கட்டணத்தை மட்டும் முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.