அந்தப் "போடுகிறார்களாம்"

கேள்வி: ஆம்பூரில் அப்பா தொடங்கிய பிரியாணிக் கடை எங்களுடையது. கடைப் பெயருக்கு டிரேட்மார்க் பதிவு வாங்கியிருந்தார். 2019இல் அக்கா வீட்டுக்காரருக்கு, வேலூரில் அதே பெயரில் கடை நடத்த ஐந்து வருட லைசென்ஸ் ஒப்பந்தம் போட்டுக் கொடுத்தார். மாதாமாதம் ராயல்டி, சீரகச் சம்பா மட்டும்தான், எப்போது வேண்டுமானாலும் நாங்கள் வந்து பார்க்கலாம் என்று நிபந்தனைகள். 2021இல் அப்பா இறந்துவிட்டார். 2023லிருந்து ராயல்டி வரவில்லை. ஒப்பந்தம் முடிந்தும் பெயர்ப் பலகை அப்படியே இருக்கிறது. இப்போது பொன்னி அரிசியில் போடுகிறார்களாம். கேஸ் போட்டு ராயல்டியை வாங்க முடியுமா?

பதில்: தம்பி, ராயல்டி எப்போது நின்றது என்று சரியாக எழுதியிருக்கிறீர்கள். அரிசி விஷயத்தில் மட்டும் "போடுகிறார்களாம்". அந்த "ஆம்" எங்கிருந்து வந்தது? ஆம்பூரிலிருந்து வேலூர் ஐம்பது கிலோமீட்டர். அப்பா பெயர் போட்ட கடையில் என்ன அரிசி வேகிறது என்று ஊரார் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிகிறது. வந்து பார்க்கும் உரிமையை அவர் ஒப்பந்தத்திலேயே எழுதி வைத்துவிட்டுப் போனார். ஒரு நாளாவது போனீர்களா?

பெயரை லைசென்ஸுக்குக் கொடுப்பது கடையை வாடகைக்கு விடுவது மாதிரி அல்ல. பலகையைப் பார்த்து உள்ளே வருகிறவர் உங்கள் அப்பாவின் கையை நம்பி உட்காருகிறார். அந்தத் தரத்தைக் கவனிப்பது பெயருக்கு உரியவரின் கடமை. கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் இதைத்தான் பிடிப்பார்: "எத்தனை தடவை வந்து பார்த்தீர்கள்?"

மாமா செய்தது தப்பு. விட்டுக்கொடுங்கள் என்று நான் சொல்லவே மாட்டேன். ஒப்பந்தம் முடிந்தபிறகும் பெயரைப் பயன்படுத்துவது 1999ஆம் வருட டிரேட்மார்க் சட்டப்படி மீறல். தடையும் நஷ்டஈடும் கேட்கலாம். பழைய ராயல்டி பாக்கிக்கு, ஒவ்வொரு தவணைக்கும் மூன்று வருடம்தான் கெடு. அவசரத் தடை கேட்டால், இத்தனை நாள் எங்கே இருந்தீர்கள் என்பார்கள். கேட்காவிட்டால், மூன்று லட்சத்துக்குக் குறையாத வணிக வழக்கு முதலில் சமரசத்துக்குத்தான் போகும்.

சரி, டிரேட்மார்க் இப்போது யார் பெயரில் இருக்கிறது? அதை எழுதவே இல்லை. உயில் இல்லையென்றால் அம்மாவும் அக்காவும் உங்களோடு வாரிசுகள். பதிவேட்டில் அதை ஏற்ற வேண்டும். பத்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டும். யார்மேல் கேஸ் போடக் கிளம்புகிறீர்களோ, அவர் மனைவிக்கும் அந்தப் பெயரில் பங்கு உண்டு. அந்த அக்காவைப் பற்றிக் கடிதத்தில் வேறு ஒரு வரிகூட இல்லை. அவள் எப்படி இருக்கிறாள், கடை நொடித்துப்போயிருக்கிறதா, எதுவும் தெரியவில்லை. அப்பா போனபிறகு அவளுக்குப் பிறந்த வீடு நீங்கள்தான். இது எனக்குக் கோபமாகவே இருக்கிறது.

இந்த ஞாயிறு அம்மாவை அழைத்துக்கொண்டு வேலூர் போங்கள். அந்தக் கடையில் உட்கார்ந்து, கத்தரிக்காயோடு ஒரு பிளேட் சாப்பிடுங்கள். தேதி போட்ட பில்லை வாங்கி வையுங்கள், பலகையைப் படம் எடுங்கள். அப்புறம் நேராக அக்கா வீட்டுக்குப் போங்கள், மூன்று பேரும் உட்கார்ந்து பேசுங்கள். வக்கீலிடம் அதற்குப் பிறகு போகலாம். போகும்போது ஒப்பந்தத்தின் அசலை எடுத்துப்போங்கள். முத்திரைத்தாள் சரியாக இருக்கிறதா என்று அவர் முதலில் பார்ப்பார்.