மானியம் எல்லைக்கு இரண்டு பக்கமும் ஒன்றுதான், லாபம் ஒன்றல்ல: கூரை சோலார் எத்தனை கிலோவாட் போடலாம்?

கேள்வி: எங்கள் வீடு பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு 700 யூனிட் ஓடுகிறது, கரண்ட் பில் ஆறாயிரம் ரூபாயைத் தாண்டுகிறது. மத்திய அரசு திட்டத்தில் 5 கிலோவாட் சோலார் போட்டால் மானியமும் கிடைக்கும், பில்லும் வராது, மிச்ச கரண்டை விற்கலாம் என்கிறார் ஒரு ஏஜென்ட். இணைப்பு இன்னும் காலமான அப்பா பேரில்தான் உள்ளது. வீட்டைச் சுற்றித் தென்னை மரங்கள். கரண்ட் போனால் சோலார் ஓடுமா? எல்லைக்கு அந்தப் பக்கம் கோபாலபுரத்தில் இருக்கும் அண்ணனும் தன் வீட்டில் போடலாமா என்று கேட்கிறார். அவருக்கு இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் அளவில்தான் ஓடுகிறது.

பதில்: 5 கிலோவாட் வேண்டாம். உங்கள் வீட்டுக்கு 2 கிலோவாட் போதும். ஏசி, எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் என்று ஏதாவது சீக்கிரம் வாங்கும் எண்ணம் இருந்தால் 3 போடுங்கள். அதற்கு மேல் போனால் பணம்தான் முடங்கும். ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன்.

ஏஜென்ட் சொல்வது பி.எம். சூர்ய கர் திட்டம். 2024 பிப்ரவரி 29 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. 2026-27 நிதியாண்டுக்குள் ஒரு கோடி வீடுகள் என்பது இலக்கு, ஒதுக்கீடு 75,021 கோடி ரூபாய். முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய் மானியம், மூன்றாவதுக்கு 18,000. ஆக 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய். அங்கேயே நின்றுவிடும். 5 போட்டாலும் 10 போட்டாலும் அதே 78,000தான். உங்கள் ஏஜென்ட் இதைச் சொன்னாரா என்று கேட்டுப் பாருங்கள்.

இனி உங்கள் பில்லுக்கு வருவோம். கேரளத்தில் வீட்டு இணைப்புக்கு மாதம் 250 யூனிட் என்பது ஒரு கோடு. இரண்டு மாத பில்லில் 500 என்று வைத்துக்கொள்ளுங்கள். கோட்டுக்கு உள்ளே இருந்தால் படிப்படியான கட்டணம்: முதல் நூறு யூனிட் மூன்று, நான்கு ரூபாய் அளவில் இருக்கும், மேலே போகப் போகத்தான் ஏறும். கோட்டைத் தாண்டிவிட்டால் அந்தப் படிகளே கிடையாது, முதல் யூனிட்டிலிருந்தே எல்லாவற்றுக்கும் ஒரே உயர்ந்த விலை. நீங்கள் மாதம் 350 யூனிட்டில் நிற்கிறீர்கள். அந்த இடத்தில் ஒவ்வொரு யூனிட்டும் ஏழரை ரூபாய் அளவில் விழுகிறது. மாதத்துக்கு 2,600 ரூபாய்ச் சொச்சம் மின்சாரத்துக்கு மட்டும். வரியும் நிலைக்கட்டணமும் தனி.

நம் ஊர் வெயிலில் ஒரு கிலோவாட் பேனல் ஆண்டு சராசரியாக நாளுக்கு 4 யூனிட் தரும், மாதம் 120. இரண்டு கிலோவாட் என்றால் 240. நெட் மீட்டரில் நீங்கள் எடுத்ததிலிருந்து கொடுத்ததைக் கழிப்பார்கள். 350இல் 240 போனால் மிச்சம் 110 யூனிட். நீங்கள் கோட்டுக்கு உள்ளே வந்துவிட்டீர்கள், அதுவும் மலிவான படியில். மின்கட்டணம் 2,600இலிருந்து ஏறத்தாழ 450 ரூபாய்க்கு இறங்கும். மாதம் இரண்டாயிரத்துக்கு மேல் மிச்சம். மத்திய அரசு மானியத்துக்கு எடுத்துக்கொண்ட அடிப்படை விலை முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 50,000 ரூபாய். சந்தையில் இன்னும் சற்றுக் கூடும். 2 கிலோவாட்டுக்கு 1,30,000 ஆகிறது என்றே வைத்தாலும், 60,000 மானியம் போக உங்கள் கைப்பணம் 70,000. மூன்று வருடத்துக்குள் திரும்பிவிடும்.

மூன்றாவது கிலோவாட் மிச்சப்படுத்துவது அந்தக் கடைசி 110 யூனிட்டை. மாதம் 450 ரூபாய்தான். 18,000 மானியம் கழித்து முப்பதாயிரத்துக்கு மேல் உங்கள் கையிலிருந்து போகும். அது திரும்ப ஆறு வருடத்துக்கும் மேல். மோசமில்லை, ஆனால் அவசரமுமில்லை. நான்காவதும் ஐந்தாவதும்? மானியம் கிடையாது, கழிக்க யூனிட்டும் கிடையாது. அவை தருவது முழுக்க உபரி. உபரி யூனிட் அடுத்தடுத்த பில்லுக்கு வரவில் போகும். கணக்கு ஆண்டு முடியும்போது மிஞ்சியதற்குத்தான் பணம், அதுவும் நீங்கள் வாங்கும் விலையில் பாதிகூட வராது. விற்று லாபம் பார்க்கலாம் என்பது வீட்டு இணைப்பைப் பொறுத்தவரை சரியான எதிர்பார்ப்பு இல்லை. 'பில்லே வராது' என்பதும் சரியில்லை. மீட்டர் பூஜ்யம் காட்டினாலும் நிலைக்கட்டணம் கட்டித்தான் ஆக வேண்டும்.

உங்கள் பில்லின் பின்னால் இருக்கும் அப்போதைய கட்டணப் பட்டியலை வைத்து இந்தக் கணக்கை நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள். ஒரு மாத பில் போதாது, ஒரு வருட பில் வேண்டும். மார்ச், ஏப்ரலில் பேனல் அள்ளிக் கொடுக்கும். ஜூன், ஜூலை மழையில் பாதியாகக் குறையும். கோடையில் வரவில் வைத்த யூனிட்தான் மழைக்காலத்துக்குக் கைகொடுக்கும்.

அளவோடு போடுங்கள் என்று நான் வற்புறுத்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அது நாட்டின் கொள்கை போகும் திசையைச் சேர்ந்தது. 2021இல் கிளாஸ்கோவில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாட்டில் இந்தியா, 2030க்குள் நிலக்கரி, எண்ணெய் சாராத 500 ஜிகாவாட் மின்திறன் என்றும் 2070இல் நிகர பூஜ்ய உமிழ்வு (வெளிவிடும் கரிவாயுவும் திரும்ப உறிஞ்சப்படுவதும் சமம்) என்றும் அறிவித்தது. நிறுவிய திறனில் பாதி இப்படிப்பட்டதாக இருக்க வேண்டும் என்ற இலக்கை 2025ஆம் ஆண்டிலேயே, ஐந்து வருடம் முன்னதாக எட்டிவிட்டோம். இது உண்மையிலேயே பெரிய வேலை. ஆனால் வருடம் முழுக்க நாம் எரிக்கும் மின்சாரத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு இன்னும் நிலக்கரியிலிருந்துதான் வருகிறது. திறன் இருப்பது வேறு, வேண்டிய நேரத்தில் மின்சாரம் வருவது வேறு. சூரியன் ஆறு மணிக்கு இறங்கிவிடுகிறது, நம் ஃபேனும் ஏசியும் அப்போதுதான் வேகமெடுக்கின்றன.

இதை உங்கள் மாவட்டத்துக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. 2024 ஏப்ரல் கடைசியில் பாலக்காட்டில் வெப்ப அலை எச்சரிக்கை வந்தது, வெயில் 41 டிகிரியைத் தாண்டியது. கேரளத்தின் உச்ச மின்தேவை 5,700 மெகாவாட்டைக் கடந்தது. மே மாதத்தில் மின் விநியோகக் கட்டுப்பாடுகள் முதலில் வந்தது பாலக்காட்டுக்குத்தான், அதுவும் இரவு ஏழு மணிக்குப் பிறகு. கூரையில் எத்தனை பேனல் இருந்திருந்தாலும் அந்த நேரத்துக்கு உதவியிருக்காது. கேரளம் தனக்கு வேண்டிய மின்சாரத்தில் பெரும்பகுதியை வெளியிலிருந்து வாங்குகிறது. மாலையில் வாங்குவதுதான் விலை அதிகம். பகலில் நீங்கள் தரும் யூனிட்டை எடுத்துக்கொண்டு, இரவில் அதே யூனிட்டைத் திருப்பித் தருவது மின்வாரியத்துக்கு வருடா வருடம் கூடிக்கொண்டே போகும் செலவு.

அதனால்தான் விதிகள் நகர்கின்றன. பகல் நேரத்துக்குக் குறைந்த கட்டணம், உச்ச நேரத்துக்குக் கூடுதல் கட்டணம் என்ற நேரவாரி முறையை மத்திய அரசு 2023 விதிகளில் கொண்டுவந்தது. கேரளத்தில் மாதம் 250 யூனிட்டுக்கு மேல் உபயோகிக்கும் வீடுகளையும் அந்த முறைக்குள் கொண்டுவந்தார்கள். அங்கே மாலை 6 முதல் இரவு 10 வரைதான் உச்ச நேரம். 2025இல் மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம் வெளியிட்ட வரைவு, நெட் மீட்டர் வசதியைச் சுருக்கப் பார்த்தது, அதற்குப் பலத்த எதிர்ப்பு எழுந்தது. மின்சாரம் மத்திய, மாநில அரசுகள் இரண்டுக்கும் அதிகாரம் உள்ள பொதுப்பட்டியலில் இருப்பதால் மானியத்தை டெல்லி முடிவு செய்யும், யூனிட்டின் மதிப்பை முடிவு செய்வது மாநில ஆணையம். உங்கள் பேனல் இருபத்தைந்து வருடம் கூரையில் இருக்கப்போகிறது. இன்றைய நெட் மீட்டர் கணக்கு அத்தனை காலமும் அப்படியே இருக்கும் என்று நம்பி உபரிக்காகப் பணம் போடாதீர்கள். விண்ணப்பிக்கும் நாளில் நடப்பில் இருக்கும் விதி என்ன என்று உங்கள் கே.எஸ்.இ.பி. (கேரள மின்வாரியம்) செக்‌ஷன் ஆபீசில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பேனல் போட்டபின் வீட்டு மோட்டார், வாஷிங் மெஷின், கிரைண்டர், அயர்ன் பாக்ஸ் எல்லாவற்றையும் காலை பத்திலிருந்து மூன்று மணிக்குள் முடித்துவிடும் பழக்கத்துக்கு வாருங்கள். இன்றைய கணக்கில் பில்லில் இதனால் பெரிய வித்தியாசம் தெரியாது. விதி மாறும்போது தெரியும். விதி மாறாவிட்டாலும், மாலையில் எங்கோ சத்தீஸ்கரிலோ ஒடிசாவிலோ எரியும் நிலக்கரி அந்த அளவுக்குக் குறையும். இந்தத் திட்டத்தில் காலநிலைக்கு நீங்கள் நேரடியாகச் செய்யக்கூடிய உதவி இதுதான் என்று நினைக்கிறேன்.

கரண்ட் போனால் சோலார் ஓடுமா? ஓடாது. வெயில் கொளுத்தினாலும் ஓடாது. லைனில் கரண்ட் இல்லாதபோது, பேனல் தருவதை வீட்டுக் கரண்டாக மாற்றும் சோலார் இன்வெர்ட்டர் தானாக நின்றுவிட வேண்டும், இல்லாவிட்டால் கம்பத்தில் ஏறி வேலை செய்யும் லைன்மேனின் உயிருக்கு ஆபத்து. கரண்ட் இல்லாதபோதும் வேண்டும் என்றால் பேட்டரியோடு கூடிய ஹைபிரிட் இன்வெர்ட்டர் தேவை, செலவு கணிசமாகக் கூடும். வீட்டில் ஏற்கெனவே பேட்டரி இன்வெர்ட்டர் இருந்தால் அது தன்பாட்டுக்கு இருக்கட்டும். வசதி இருந்தால், பேட்டரி பின்னால் சேர்க்கக்கூடிய மாடலாக இப்போதே வாங்கிவிடுங்கள். மாலை நேரக் கட்டணம் ஏறினால் அது பயன்படும்.

அடுத்து கூரை. ஒரு கிலோவாட்டுக்கு ஏறத்தாழ 100 சதுர அடி நிழல் இல்லாத இடம் வேண்டும். தென்னைதான் உங்கள் பெரிய சிக்கல். வரிசையாக இணைத்த பேனல்களில் ஒன்றின் மேல் மட்டை நிழல் விழுந்தாலும் வரிசை முழுவதும் சுணங்கும். டிசம்பரில் சூரியன் தெற்கே சாய்ந்து வரும்போது நிழல் நீளும், அதனால் இப்போது வெயிலாக இருக்கும் இடம் அப்போது இருக்காது. காலை ஒன்பதிலிருந்து மூன்று வரை மொட்டை மாடியில் எங்கே நிழல் விழுகிறது என்று பார்த்துக் குறித்து வையுங்கள். நிழலைத் தவிர்க்கவே முடியாது என்றால் ஒவ்வொரு பேனலுக்கும் தனி மைக்ரோ இன்வெர்ட்டர் போடலாம். தேங்காயும் மட்டையும் விழும் வீச்சுக்குள் பேனலை வைக்காதீர்கள். இன்னொன்று காற்று. பாலக்காட்டுக் கணவாய்க்குள் ஆடிக் காற்று அடிக்கும் வேகம் உங்களுக்குத் தெரியும். பேனலைத் தாங்கும் சட்டம் துத்தநாகப் பூச்சு கொண்ட இரும்பா, எத்தனை போல்ட், தளத்தில் எப்படி இறக்குகிறார்கள் என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். விலையைக் குறைப்பவர்கள் முதலில் கைவைப்பது இங்கேதான்.

காகித வேலையில் முதலாவது, இணைப்பை உங்கள் பேருக்கு மாற்றுவது. விண்ணப்பதாரர் பேரும் கரண்ட் பில்லில் உள்ள பேரும் வங்கிக் கணக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். அப்பா பேரிலேயே விண்ணப்பித்தால் மானியம் வரும் கட்டத்தில் சிக்கும். பேர் மாறிய பிறகு சூர்ய கர் திட்டத்தின் தேசிய இணையதளத்தில் கன்ஸ்யூமர் நம்பரைக் கொடுத்துப் பதிவு செய்யுங்கள். 10 கிலோவாட் வரை தொழில்நுட்ப ஆய்வு இல்லாமலே விண்ணப்பத்தை ஏற்க வேண்டும் என்பது 2024இல் திருத்திய மத்திய விதி. பொள்ளாச்சியில் விலை குறைவு என்று யாரையாவது கூட்டி வருவதாக இருந்தால், அந்த நிறுவனம் கேரளத்துக்கான பட்டியலில் இருக்கிறதா என்று அதே இணையதளத்தில் பாருங்கள். பட்டியலில் இல்லாதவர் போட்டால் மானியம் இல்லை. பேனலும் அதற்குள் இருக்கும் செல்லும் இந்தியாவில் செய்ததாக இருக்க வேண்டும் என்பதும் மானியத்துக்கு நிபந்தனை. மானியம் விலையில் கழிவதில்லை. பேனல் ஏறி, நெட் மீட்டர் பொருத்தி, மின்வாரியம் சரிபார்த்த பிறகு உங்கள் கணக்குக்கு நேராக வரும். 'மானியத்தை நாங்களே வாங்கிக்கொள்கிறோம்' என்று யாராவது சொன்னால் அவரோடு மேற்கொண்டு பேச வேண்டாம். 2025 செப்டம்பர் 22 முதல் சோலார் கருவிகளுக்கு ஜிஎஸ்டி 12இலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. விலைப்பட்டியலில் அது தெரிய வேண்டும். கையில் பணம் இல்லாவிட்டால், பொதுத்துறை வங்கிகளில் 3 கிலோவாட் வரை அடமானம் இல்லாத கடன் கிடைக்கும்.

தோட்டத்து மோட்டாருக்கும் இதிலேயே சேர்த்துக்கொள்ளலாமா என்றால் முடியாது, இது வீட்டு இணைப்புக்கு மட்டும். பம்புக்கு பி.எம். குசும் என்று தனித் திட்டம் இருக்கிறது. கேரளத்தில் அதை நடத்துவது அனெர்ட் என்ற மாநில அரசின் மாற்று எரிசக்தி நிறுவனம்.

உங்கள் அண்ணனுக்கும் அதே 30,000, 60,000, 78,000தான். ஆனால் தமிழ்நாட்டில் 2016இலிருந்து இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், அடுத்த படிகளும் மலிவு. 300 யூனிட்டுக்கு அவர் கட்டுவது ஆயிரம் ரூபாய்க்குள்தான் இருக்கும். 1 கிலோவாட் போட்டு அதில் பெரும்பகுதியை மிச்சம் பிடித்தாலும், மானியம் போகப் போட்ட பணம் திரும்ப ஏழெட்டு வருடம் பிடிக்கும். அவர் காத்திருக்கலாம். ஒன்று மட்டும் பார்க்கச் சொல்லுங்கள்: கோடை பில்லில் இரண்டு மாத உபயோகம் 500 யூனிட்டைத் தாண்டுகிறதா என்று. தமிழ்நாட்டில் கோடு அங்கே இருக்கிறது, தாண்டினால் கீழ்ப்படிகளின் கட்டணமும் சேர்ந்து ஏறும். தாண்டுகிறது என்றால் அவருக்கு 1 கிலோவாட்டே போதும்.