பிரிட்டன் ஓய்வூதியம்: பத்தாண்டுக் கணக்கை ஊரிலிருந்தே நிரப்ப முடியுமா?

கருங்கல் பக்கத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "2016 செப்டம்பர் முதல் 2023 ஜூலை முடிய இங்கிலாந்தில் ஓர் என்.எச்.எஸ். (அரசு மருத்துவ சேவை) மருத்துவமனையில் முழுநேரச் செவிலியராக இருந்தேன். மாமியாருக்கு உடம்புக்கு முடியாமல் போனதால் ஊர் திரும்பிவிட்டோம். 2024 ஜனவரி முதல் நாகர்கோவிலில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். வயது 41. பத்து ஆண்டு நிறையாததால், சம்பளத்தில் பிடித்த நேஷனல் இன்சூரன்ஸ் பணம் போனது போனதுதான் என்கிறார்கள். அதை மீட்டுத் தருவதாக ஒருவர் முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?"

கொடுக்க வேண்டாம், சகோதரி. நேஷனல் இன்சூரன்ஸ் என்பது அரசு ஓய்வூதியம் போன்றவற்றுக்காகச் சம்பளத்தில் பிடிக்கும் பங்களிப்பு. முறைப்படி பிடிக்கப்பட்ட அந்தப் பணத்தை, நாட்டைவிட்டுக் கிளம்பிவிட்டோம் என்பதற்காக பிரிட்டன் அரசு திருப்பித் தருவதில்லை. வளைகுடாவில் வேலை முடித்துக் கிளம்பும்போது கையில் கொடுக்கும் செட்டில்மென்ட் தொகையைப் பார்த்துப் பழகிய மாவட்டம் நம்முடையது. அதனால்தான் இப்படிப்பட்டவர்களின் பேச்சு எடுபடுகிறது. ஆனால் உங்கள் பணம் போய்விடவில்லை. அது ஆண்டுக் கணக்காக உங்கள் பெயரில் பதிவாகி நிற்கிறது. அந்தக் கணக்கை நிரப்ப உங்களுக்கு வழி இருக்கிறது. அதற்கு இடைத்தரகர் தேவையில்லை.

2016 ஏப்ரல் 6 முதல் நடைமுறையில் உள்ள புதிய அரசு ஓய்வூதியத்தில் முழுத் தொகை பெற 35 தகுதி ஆண்டுகள் வேண்டும். குறைந்தது 10 ஆண்டு இருந்தால்தான் ஏதாவது கிடைக்கும். ஒன்பது ஆண்டு இருந்தால் ஒன்பது பங்கு கிடைக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். ஒன்பதுக்கு ஒன்றுமே இல்லை. இந்தியாவில் நீங்கள் கட்டும் பி.எஃப். ஆண்டுகளையும் இதோடு சேர்த்து எண்ண முடியாது. இரு நாடுகளுக்கும் இடையே அப்படி ஓர் ஒப்பந்தம் இல்லை. 2025-இல் கையெழுத்தான வணிக ஒப்பந்தத்தை ஒட்டிய இரட்டைப் பங்களிப்பு உடன்படிக்கை, நிறுவனங்கள் தற்காலிகமாக அனுப்பும் ஊழியர்களுக்கானது. உங்களுக்கு அதனால் பயன் இல்லை.

உங்களுக்கு எத்தனை ஆண்டு இருக்கிறது? ஆறு ஆண்டு பதினோரு மாதம் என்றுதான் நீங்களும் உங்களுக்கு யோசனை சொன்னவர்களும் கணக்குப் போட்டிருப்பீர்கள். பிரிட்டன் அப்படி எண்ணுவதில்லை. அங்கே வரி ஆண்டு ஏப்ரல் 6-இல் தொடங்கி அடுத்த ஏப்ரல் 5-இல் முடிகிறது. ஊழியர் ஒருவர் அந்த ஆண்டுக்குள் ஒரு குறிப்பிட்ட தொகைக்கு மேல் சம்பாதித்து, அதற்கான பங்களிப்பும் பிடிக்கப்பட்டிருந்தால், அவர் சில மாதங்களே வேலை பார்த்திருந்தாலும் அது முழுத் தகுதி ஆண்டாகிவிடும். 2023-24-க்கான அந்தத் தொகை 6,396 பவுண்டு. முழுநேரச் செவிலியர் ஒருவர் மூன்று மாதச் சம்பளத்திலேயே அதைத் தாண்டிவிடுவார். நீங்கள் ஏப்ரல் முதல் ஜூலை முடிய வேலை பார்த்திருக்கிறீர்கள். வேலையை விட்டபோது கொடுத்த பி45 சீட்டைத் தேடி எடுத்து, அந்த ஆண்டில் அதுவரை வாங்கிய மொத்தச் சம்பளம் என்ன என்று பாருங்கள். அது 6,396-க்கு மேல் இருந்தால் 2023-24 உங்களுக்குத் தகுதி ஆண்டுதான். முதல் ஆண்டான 2016-17-க்கும் இதே கதைதான்: செப்டம்பரில் சேர்ந்திருந்தாலும் ஏழு மாதச் சம்பளம் அதை நிறைத்திருக்கும். ஆக, 2016-17 முதல் 2023-24 வரை எட்டு ஆண்டுகள். உங்களுக்குக் குறைவது இரண்டே ஆண்டு.

ஊர் திரும்பிய பின் முழுதாகக் கழிந்த வரி ஆண்டுகளும் இரண்டுதான்: 2024-25, 2025-26. இரண்டிலும் நீங்கள் நாகர்கோவிலில் வேலையில் இருந்திருக்கிறீர்கள். இது உங்களுக்குப் பெரிய சாதகம்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் விருப்பப் பங்களிப்பு (குறையும் ஆண்டுகளை நிரப்ப நாமே செலுத்தும் பணம்) செலுத்த அண்மைக்காலம் வரை இரண்டு வகை இருந்தது. கிளாஸ் 2 என்பது மலிவானது. பிரிட்டனில் குறைந்தது மூன்று ஆண்டு வசித்திருக்க வேண்டும், அல்லது மூன்று ஆண்டுப் பங்களிப்பு இருக்க வேண்டும். கிளம்பும் வரை அங்கே வேலையில் இருந்திருக்க வேண்டும். வெளிநாட்டிலும் வேலை செய்துகொண்டிருக்க வேண்டும். கிளாஸ் 3-க்கு இந்த வேலை நிபந்தனை கிடையாது, ஆனால் விலை ஐந்து மடங்கு. 2026 ஏப்ரல் 6 முதல் விதி கடுமையாகிவிட்டது. வெளிநாட்டில் இருப்பவர்களுக்குக் கிளாஸ் 2 நிறுத்தப்பட்டது. கிளாஸ் 3 செலுத்தவும் பத்து ஆண்டு வசிப்போ பங்களிப்போ வேண்டும் என்றாகிவிட்டது. ஆனால் இந்த மாற்றம் 2026-27 முதலான ஆண்டுகளுக்குத்தான். அதற்கு முந்தைய ஆண்டுகளைப் பழைய விதிப்படி, வழக்கமான ஆறு ஆண்டுக் கெடுவுக்குள் இன்னும் செலுத்தலாம். உங்களுக்குத் தேவையான இரண்டு ஆண்டுகளும் அந்தக் கோட்டுக்கு இப்பால்தான் இருக்கின்றன.

கிளாஸ் 2-இன் விலை 2024-25-இல் வாரத்துக்கு 3.45 பவுண்டு, 2025-26-இல் 3.50 பவுண்டு. இரண்டு ஆண்டுக்கும் சேர்த்து 361 பவுண்டு 40 பென்ஸ். ஒரு பவுண்டு 115 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் சுமார் 41,500 ரூபாய். தாமதித்துச் செலுத்தினால் விலை சற்றுக் கூடலாம். இதற்குக் கைமாறாக என்ன கிடைக்கும்? 2026-27-இன் முழு ஓய்வூதியம் வாரத்துக்கு 241.30 பவுண்டு. அதில் 35-இல் 10 பங்கு என்றால் வாரத்துக்கு ஏறத்தாழ 69 பவுண்டு. இன்றைய கணக்கில் ஆண்டுக்கு நான்கு லட்சம் ரூபாய்க்கு மேல். 41,500 ரூபாயை ஒரே ஒரு முறை செலுத்தி, இது ஆயுள் முழுவதும் வருகிறது என்றால், தயங்க வேண்டியதில்லை என்றே சொல்வேன். இதே இரண்டு ஆண்டுகளைக் கிளாஸ் 3-இல் வாங்க நேர்ந்தால் ஆண்டுக்கு 900 பவுண்டுக்கு மேல் ஆகும். அப்போதும் உங்கள் நிலையில் அது லாபம்தான். ஆனால் கடன் வாங்கிச் செலுத்தாதீர்கள்.

குறைகளையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 1978 ஏப்ரல் 6 அல்லது அதற்குப் பின் பிறந்தவர்களுக்கு இப்போதைய சட்டப்படி ஓய்வூதிய வயது 68. உங்களுக்கு இன்னும் 27 ஆண்டு இருக்கிறது. அதற்குள் விதிகள் மறுபடி மாறக்கூடும். அந்த வயதுக்கு முன் உங்களுக்கு ஏதாவது ஆனால், செலுத்திய பணம் பிள்ளைகளுக்குத் திரும்பாது. அடுத்தது, இந்தியாவில் வசிப்பவர்களுக்கு ஓய்வூதியம் உறைந்துவிடும். முதன்முதலாக வாங்கத் தொடங்கும்போது என்ன தொகையோ, இங்கே இருக்கும்வரை அதே தொகைதான். பிரிட்டனில் இருப்பவர்களுக்கு ஆண்டுதோறும் உயர்வு உண்டு, நமக்கு இல்லை. அங்கே வியர்வை சிந்தி உழைத்த செவிலியருக்கு இது பெரிய அநீதி என்பதே என் கருத்து. ஆனாலும் அந்த உறைவு வாங்கத் தொடங்கிய பிறகுதான். இடைப்பட்ட 27 ஆண்டில் அடிப்படைத் தொகை உயர்ந்தால் அதன் பலன் உங்களுக்கும் உண்டு.

இனி செய்ய வேண்டியது. முதலில் பணம் அனுப்பாதீர்கள். செலுத்திய விருப்பப் பங்களிப்பைத் திரும்பப் பெறுவது எளிதல்ல. உங்கள் நேஷனல் இன்சூரன்ஸ் எண்ணை வைத்து, பிரிட்டன் அரசின் இணையதளத்தில் உங்கள் பதிவைப் பாருங்கள். எந்த ஆண்டு நிறைந்தது, எது நிறையவில்லை என்று ஒவ்வொன்றாகக் காட்டும். எட்டு ஆண்டும் நிறைந்ததாக இருக்கிறதா என்பதை அங்கே உறுதிசெய்யுங்கள். 2023-24 நிறையவில்லை என்று காட்டினால் பி45-ஐயும் கடைசி மாத ஊதியச் சீட்டுகளையும் இணைத்துக் கேளுங்கள்.

பிறகு சிஎஃப் 83 என்ற படிவம். வெளிநாட்டிலிருந்து விருப்பப் பங்களிப்பு செலுத்த விண்ணப்பிக்கும் படிவம் இதுதான். அதே இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும். கிளாஸ் 2 வேண்டும் என்று தெளிவாகக் குறிப்பிடுங்கள். பிரிட்டனை விட்டுக் கிளம்பிய தேதி, அங்கே கடைசி வேலை முடிந்த தேதி, இங்கே வேலை தொடங்கிய தேதி மூன்றும் பி45-உடனும் நாகர்கோவில் மருத்துவமனையின் பணி நியமனக் கடிதத்துடனும் ஒத்துப்போக வேண்டும். பதில் வர மாதக்கணக்கில் ஆகலாம். எந்த ஆண்டுக்கு எவ்வளவு, எந்தக் குறிப்பு எண்ணில் செலுத்துவது என்று அந்தக் கடிதமே சொல்லும்.

பெயரும் முகவரியும் நம் மாவட்டத்தில் தனிச் சிக்கல். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக விரிந்திருக்கும். வங்கிப் புத்தகத்தில் அதுவே ஓர் எழுத்து இனிஷியலாகச் சுருங்கியிருக்கும். படிவத்தில் பிரிட்டன் பதிவில் உள்ளபடியே எழுதுங்கள். முகவரியில் வீட்டுப் பெயரை மட்டும் எழுதாமல் கதவு எண், அஞ்சலகம், பின்கோடு மூன்றையும் சேருங்கள்.

பணத்தை உங்கள் வங்கிக் கிளையிலேயே, வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதற்கான ஏ2 படிவம் நிரப்பி அனுப்பலாம். ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்குள் என்பதால், வெளிநாட்டுக்கு அனுப்பும் பணத்துக்கு வங்கி முன்கூட்டியே வாங்கும் டிசிஎஸ் வரிப் பிடித்தம் கிடையாது. இடைவங்கிக் கட்டணம் முழுவதையும் நானே ஏற்கிறேன் என்று படிவத்தில் குறிப்பிடுங்கள். இல்லாவிட்டால் 361 பவுண்டு அனுப்பியும் அங்கே குறைவாகப் போய்ச் சேரும். ஆண்டு நிறையாமல் நின்றுவிடும்.

நீங்கள் கேட்காத ஒன்று: என்.எச்.எஸ். ஓய்வூதியம் இதிலிருந்து வேறானது. உங்கள் ஊதியச் சீட்டில் அதற்கென்று தனிப் பிடித்தம் இருந்திருந்தால், இரண்டு ஆண்டுக்கு மேல் சேவை உள்ளதால் அந்த உரிமையும் உங்கள் பெயரில் இருக்கிறது. இந்தியாவில் இருந்தாலும் அது விலைவாசிக்கேற்ப உயரும், உறையாது. அந்த ஓய்வூதிய நிர்வாகத்துக்கும் உங்கள் கருங்கல் முகவரியை இப்போதே எழுதித் தெரிவித்துவிடுங்கள்.