தரவு உங்களுடையது, எழுத்து யாருடையது?

கேள்வி: ஒட்டுசுட்டான் மாணவி நான். முத்தையன்கட்டில் வீடு வீடாகப் போய்க் கிணற்று நீர் பற்றி ஆய்வு செய்தேன். பென்ரைவில் வாங்கிப் பார்த்த தோழி, அதைத் தன் பெயரில் சஞ்சிகையில் வெளியிட்டு, வெளிநாட்டுப் புலமைப்பரிசிலும் பெற்றுவிட்டாள். அவளின் அப்பா கொழும்பில் பெரிய டொக்டர், என் அப்பா கூலி வேலை. திணைக்களத்தில் யாரும் காது கொடுக்கவில்லை. முகநூலில் எழுதப் போகிறேன்.

பதில்: தங்கச்சி, யாருடைய அப்பா யார் என்பதெல்லாம் வழக்குக்கு உதவாது. அச்சான கட்டுரையில் நீங்கள் எழுதிய வசனமும் நீங்கள் அமைத்த அட்டவணையும் எவ்வளவு இருக்கின்றன? அதைச் சொல்லுங்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், 8ஆம் பிரிவில் எண்ணத்தையும் வெறும் தரவையும் பாதுகாப்பதில்லை என்கிறது. வெயிலில் அலைந்து எடுத்த அளவீடு என்றாலும் அப்படித்தான். வசனம் உங்களுடையது என்றால் 10ஆம் பிரிவின்படி உங்கள் பெயரைப் போடச் சொல்லலாம்.

முகநூலுக்கு வருவோம். என்னிடம் வருகிறவர்கள் கவிழ்வது இங்கேதான். 'கள்ளி' என்று ஒரு வரி, கூடவே அவளின் படம்; அடுத்த கிழமை மானநஷ்டக் கோரிக்கைக் கடிதம் வீட்டு வாசலில். குற்றவியல் அவதூறு 2002இல் நீக்கப்பட்டது சரி, சிவில் வழக்கு அப்படியே இருக்கிறது. சொன்னது உண்மை, பொது நன்மைக்காகச் சொன்னது என்று நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில். களவு கொடுத்தவர் எதிராளியாகி நிற்பார். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்குக் கோபத்தில் எழுதும் மின்னஞ்சலும் இதே கதைதான்.

இன்னொன்று: பழைய கோப்பைத் திறந்து 'கொஞ்சம் திருத்தி' சேமித்துவிடாதீர்கள். திகதி மாறினால் எதிர்த்தரப்புச் சட்டத்தரணிக்கு அதுவே போதும். மேற்பார்வையாளருக்கு மின்னஞ்சலில் அனுப்பிய வரைவு இருந்தால், அதைவிட நல்ல சாட்சி இல்லை.

வழக்குப் போடலாம்தான். ஆனால் கொழும்பு வர்த்தக மேல் நீதிமன்றம், ஒவ்வொரு தவணைக்கும் ஏ9 பஸ், சட்டத்தரணிக் கட்டணம். அவர்களால் இழுத்தடிக்க முடியும், உங்களால் முடியாது. சமரசமாகப் போங்கள் என்பதே என் கருத்து. காசு கேட்காதீர்கள். சஞ்சிகையில் திருத்தம், இணை ஆசிரியராக உங்கள் பெயர், இரண்டையும் எழுத்தில் கேளுங்கள். புலமைப்பரிசில் பறிபோய்விடுமோ என்ற பயம் இருக்கும்போதே அவள் இறங்கி வருவாள்.

பேசப் போகும்போது தனியே போகாதீர்கள். 'இனிப் பிரச்சினை இல்லை' என்று எழுதிய தாளை நீட்டினால், கையொப்பம் வைக்காமல் ஒரு பிரதியை மட்டும் வாங்கிக்கொண்டு வாருங்கள்.